செப்டெம்பரில் ஸ்கூகோக் ஏரி: தவளைக்குக் கடித்த பாஸ் எங்கே போனது, இப்போது என்ன லூர் (செயற்கை இரை) போடுவது?

அஜக்ஸ்_தூண்டில்:
வணக்கம் அண்ணைமாரே. கனடா ஒன்ராறியோவில், ஸ்கூகோக் ஏரிக்கரையில் உள்ள போர்ட் பெரியில் சின்ன அலுமினியப் படகு வாடகைக்கு எடுத்து லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிக்கிறேன். இது எனக்கு இரண்டாவது வருஷம். ஆகஸ்ட் முழுக்க நல்ல பிடி. விடியப்புறம் அல்லி இலைகளுக்கு மேலே ரப்பர் தவளை, வெயில் ஏறியதும் வாக்கி ரிக்கில் (புழுவின் நடுவில் கொக்கி குத்துவது) ஐந்து அங்குல ரப்பர் ஸ்டிக் புழு. இவை இரண்டுமே போதுமாக இருந்தன.

செப்டெம்பர் தொடக்கத்தில் வருகிற தொழிலாளர் தின லீவுக்குப் பிறகு எல்லாம் நின்றுவிட்டது. இரவில் 8 பாகைக்கு இறங்குகிறது. போன சனிக்கிழமை தண்ணீர் 17 பாகை. அதே இலை, அதே தவளை, ஆறு மணித்தியாலத்தில் ஒரே ஒரு மீன். அதுவும் உள்ளங்கை நீளம். யூடியூப்பில் ஒருவர், தண்ணீர் குளிர்ந்தால் மெல்ல மெல்ல இழு என்கிறார். இன்னொருவர், ஏரி ‘டர்ன்ஓவர்’ ஆகிவிட்டது, வீட்டில் இரு என்கிறார். பெட்டியில் நாற்பது லூருக்கு மேல் கிடக்கிறது. மனைவி பில்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டா. இனி ஒன்றுதான் வாங்கலாம். எதை வாங்கட்டும்?

பழைய_வள்ளம்:
தம்பி, முதலில் அந்த டர்ன்ஓவர் கதையை விடுங்கள். ஆழமான ஏரியில் கோடையில் மேலே சூடான தண்ணீரும் அடியில் குளிர்ந்த தண்ணீரும் தனித்தனிப் படையாக நிற்கும். மேற்படை குளிர்ந்து கனத்து, காற்றும் அடித்தால் இரண்டும் கலக்கும். ஸ்கூகோக்கின் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட வராது. 1830களில் லின்ட்சேயில் அணை கட்டியதால் வெள்ளம் பரவி அகன்ற ஏரி. அங்கே படையும் இல்லை, புரளுவதும் இல்லை.

இரண்டாவது, 17 பாகை குளிர் அல்ல. உங்களுக்கு ஜாக்கெட் தேவைப்படும், மீனுக்கு அது நல்ல பசி வரும் நேரம். மெல்ல இழுப்பது நவம்பரில், தண்ணீர் 10 பாகைக்குக் கீழே போன பிறகு செய்யும் வேலை. இப்போது வேகமாக நிறைய இடத்தைத் தேட வேண்டும்.

மீன் எங்கேயும் ஓடிவிடவில்லை. இந்த வருஷம் பொரித்த பேர்ச் குஞ்சும் சன்ஃபிஷ் குஞ்சும் இப்போது விரல் நீளம் வளர்ந்திருக்கும். அல்லி இலை பழுத்து அழுகத் தொடங்கினால் அவை அங்கே நிற்காது. இன்னும் பச்சையாக இருக்கிற சாதாளைக்கு (எங்கள் ஊர்க் கடலில் கிடக்கிறதை அப்படித்தான் சொல்வோம், ஏரிக் களைக்கும் எனக்கு அதே பெயர்தான்) போய்விடும். பாஸும் பின்னால் போகும். ஐந்து, ஆறு அடித் தண்ணீரில் லூரில் சிக்கி வருவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பாக, வழவழவென்று இருந்தால் நங்கூரத்தைத் தூக்குங்கள். பச்சையாக, ஒடித்தால் மொறுக்கென்று ஒடிந்தால் அங்கேயே நில்லுங்கள். நான் பத்தொன்பது வருஷமாக அந்த ஏரிக்குப் போகிறேன். செப்டெம்பரில் வெறுங்கையோடு வந்த நாள்களில் பாதி, பழுத்த சாதாளையில் பிடிவாதமாக நின்றதால்தான்.

ஒன்றுதான் வாங்கலாம் என்றால் 3/8 அவுன்ஸ் சாட்டர்பெய்ட். தலைக்கு முன்னால் தகடு ஆடுமே, அதுதான். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், பின்னால் ஒரு ரப்பர் வால். களையின் தலையை உரசுகிற மாதிரி இழுங்கள். சிக்கினால் மெல்ல எடுக்கக் கூடாது, தடியால் வெடுக்கென்று ஒரு இழுப்பு. களையைப் பிய்த்துக்கொண்டு அது பாய்கிற நேரத்தில்தான் பாஸ் அடிக்கும். இதற்கு 30 இறாத்தல் பிரெயிட் (பின்னல் நூல்) வேண்டும். தங்கூசி (நைலோன் நூல்) இழுபட்டுக் கொடுக்கும், களை பிய்யாது. அடித்துத் தவறவிட்டால் அதே இடத்தில் உடனே உங்கள் ஸ்டிக் புழுவை ஈயம் இல்லாமல் விழ விடுங்கள். இரண்டாவது தடியை அதற்காகவே கட்டி வையுங்கள்.

நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கடைச் சுவரில் தொங்கும் அறுபது நிறமும் ஆளைப் பிடிப்பதற்கு.

ஒரு விதிவிலக்கு: வடகாற்று அடித்து ஓய்ந்த மறுநாள், வானம் கண்ணாடி மாதிரி நீலமாக இருந்தால் பாஸ் களைக்குள் ஒடுங்கிவிடும். அன்றைக்கு மட்டும் ஜிக்கை (ஈயத் தலை வைத்த கொக்கி) களையின் ஓட்டைகளில் போட்டு மெல்ல ஆட்டுங்கள். வால்ஐ (walleye, கண்ணாடிக் கண் மீன்) கொழுவினால் விட்டுவிடுங்கள், ஸ்கூகோக்கில் அதைப் பிடிப்பதை 2016இல் மூடினார்கள். போக முன் இந்த வருஷச் சட்டத்தையும் ஒருக்கால் பார்க்கவும்.

சிம்கோ_கரை:
அண்ணை சொன்னது லார்ஜ்மவுத்துக்குச் சரி. சிம்கோ ஏரியில் ஸ்மோல்மவுத் பாஸ் என்றால் வேறு கணக்கு. இங்கே அவை கோபி (goby) என்ற சின்ன மீனைத் தின்னும். கோபிக்குக் காற்றுப்பை இல்லை, மேலே மிதந்து நிற்காது, அடிக்கல்லில் துள்ளித் துள்ளித்தான் போகும். ஆகவே லூரும் அடியைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். நான் பழுப்பு டியூப்பை (குழாய் வடிவ ரப்பர் லூர்) 20 அடி ஆழக் கல்லில் இழுப்பேன். நடுத்தண்ணீரில் இழுத்தால் சும்மா கைதான் வலிக்கும்.

தவளைப்பிரியன்:
தவளையை முழுதாகக் கைவிட வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து வெயில் எறித்தால் பின்னேரம் மூன்று மணிக்கு, தடித்த பச்சைப் பாசிப் படைக்கு மேலே போட்டுப் பாருங்கள். விடியக்காலைப் பழக்கத்தை மாற்றினால் போதும். போன ஒக்டோபர் முதல் கிழமைகூட எனக்கு இரண்டு அடித்தன.

அஜக்ஸ்_தூண்டில்:
நேற்றுப் போய் வந்தேன். முதல் இரண்டு மணித்தியாலம் பழுப்புக் களைதான் வந்தது, நான்கு இடம் மாறினேன். கடைசியில் தீவுப் பக்கம் ஆறடியில் பச்சை கிடைத்தது. வெடுக்கென்று இழுத்த மூன்றாவது தடவையே அடி. மொத்தம் ஐந்து, பெரியது மூன்றே முக்கால் இறாத்தல். அவற்றில் இரண்டு, தவறவிட்ட பிறகு புழுவுக்கு வந்தவை.

பிறகு மஸ்கி (கூரிய பல்லுள்ள பெரிய மீன்) ஒன்று வந்து நூலை வெட்டிக்கொண்டு போனது. வாங்கியிருந்த ஒரே சாட்டர்பெய்ட்.

பழைய_வள்ளம்:
அந்த நாற்பதுக்குள் வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் (தகடு சுழலும் லூர்) ஒன்றாவது கிடக்கும், தேடிப் பாருங்கள். அதையும் களைத் தலையை உரசியே இழுக்கலாம். பில் வராது.