புதுப்பிப்பு: டீசலா, பெட்ரோலா? ஒரு வருஷக் கணக்கு

போன வருஷம் இங்கே கேட்டிருந்தேன்: மாதம் 900 கி.மீ. ஓட்டம், பாதி சேலம் டவுனுக்குள், டீசல் கார், பெட்ரோல் கார் இரண்டில் எதை எடுக்கலாம் என்று. பாதிப் பேர் டீசல் என்றீர்கள். நான் பெட்ரோலே எடுத்தேன்.

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பவில்லை. பங்கில் ஒவ்வொரு முறையும் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, லிட்டரையும் ஓடோமீட்டரையும் பில்லின் பின்னாலேயே எழுதி வைத்தேன். சராசரி லிட்டருக்கு 16 கி.மீ. அதே மாடல் டீசல் வைத்திருக்கும் மச்சானுக்கு 20. பெட்ரோல் 101, டீசல் 92 என்று வைத்தால் கி.மீ.க்கு 6.31 ரூபாயும் 4.60 ரூபாயும். வருஷம் 10,800 கி.மீ.க்கு மிச்சம் சுமார் 18,500. ஆன்ரோடு விலையில் டீசலுக்கு 1,60,000 கூடுதல். எட்டரை வருஷம் ஓட்டினால்தான் போட்ட காசு வரும்! வண்டி விலை 10 லட்சத்தைத் தாண்டினால் நம் மாநில வாழ்நாள் வரி 13-லிருந்து 18 சதவீதமாகிறது. மேலே சொன்ன 1,60,000-ல் இதுவும் அடக்கம்.

அப்புறம் டிபிஎஃப், அதாவது டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவதோடு சரி என்று ஓடிய மச்சான் வண்டியில் அதற்கான மஞ்சள் எச்சரிக்கை விளக்கு இரண்டு முறை எரிந்தது. வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை சும்மாவே பைபாஸில் அரை மணி நேரம் விரட்டிவிட்டு வந்தார். கூட நானும் போனேன், டீ அவர் செலவு.

ஆனால் ஏற்காடு மலை ஏறும்போது டீசலின் இழுவைக்கு மனசு கொஞ்சம் ஏங்கத்தான் செய்கிறது. மாதம் 2,000 கி.மீ.க்கு மேல், அதுவும் ஹைவேயில் ஓட்டுபவர் என்றால் என் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசலே எடுங்கள்.