54 வயதில் கிட்டாரில் எஃப் கார்டு: சுலபமாக்கிக்கொள்வது தப்பா?

மாலைநேர மாணவன்:
வங்கி வேலை, வயது 54. எண்பதுகளில் ரேடியோவில் இளையராஜா பாட்டுகளுக்கு நடுவே வரும் கிட்டாரைக் கேட்டுக் கேட்டு வந்த ஆசை. மகள் வேலைக்குப் போனதும் அவள் விட்டுச்சென்ற ஸ்டீல் கம்பி கிட்டாரை எடுத்தேன், நான்கு மாதம் ஆகிறது. ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் கைப்பிடிகள்) வந்துவிட்டன. எஃப் மட்டும் வரவில்லை. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்தினால் இரண்டு கம்பி பேசுகிறது, மற்றதெல்லாம் டொக் டொக் என்கிறது. சொல்லிக்கொடுக்கும் தம்பி, "சார், முழு எஃப்பை இப்போதைக்கு விடுங்க, கீழே உள்ள நாலு கம்பியில சின்ன எஃப் பிடிங்க, கம்பி சுருதியை எல்லாம் கொஞ்சம் இறக்கி வைங்க" என்கிறார். இதை வீட்டில் சொன்னபோது என் சொந்தத் தம்பி, "அப்புறம் எதுக்குக் கத்துக்கிற?" என்று கேட்டுவிட்டான். அது உறைத்தது. சுலபமாக்கிக்கொள்வது சரியா?

கமகப்பிரியை:
சரியில்லை என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 9 வயதில் வீணை தொடங்கினேன், இப்போது சொல்லியும் தருகிறேன். வயதில் பெரியவர்கள் வந்தால் இரண்டாவது வாரமே பாட்டு கேட்பார்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற அடிப்படைப் பயிற்சிகளை முடிக்காமல் கீர்த்தனைக்குப் போனால் விரல் தப்பாகப் பழகிவிடும். அப்படிப் பழகியதைக் கழற்றுவது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடப் பெரிய வேலை. உங்களுக்கு இப்போது கஷ்டமாக இருப்பதை ஒதுக்கினால் அடுத்த வருடமும் அது அங்கேயேதான் நிற்கும். வயதைக் காட்டி சலுகை கேட்காதீர்கள் சார்.

ஏரிக்கரை:
அம்மா சொல்வதுதான் என் அனுபவமும். 41 வயதில் தொடங்கினேன், யாரும் சொல்லித்தரவில்லை. முதல் மாதம் விரல் நுனி எரிந்தது, சாப்பாட்டில் கை வைத்தால்கூட தெரியும் (எனக்கு இடது கைப் பழக்கம், கம்பியை அழுத்துவதும் சாப்பிடுவதும் ஒரே கை). பிறகு காய்த்துப்போய்விட்டது. எஃப் வர எனக்கு ஏழு மாதம் ஆனது. ஒருநாள் ஆறு கம்பியும் சேர்ந்து பேசியபோது வந்த சந்தோஷத்தை சின்ன எஃப் கொடுத்திருக்காது. தினமும் பத்து நிமிடம் அதையே பிடியுங்கள், வரும்.

மார்கழிப்பூ:
ஏரிக்கரை சார், விரல் நுனி எரிவதும் மூட்டு வலிப்பதும் ஒன்றல்ல. எனக்கு 61. தோல் காய்க்கும், மூட்டு காய்க்காது. நானும் இப்படித்தான் "பழகிவிடும்" என்று வீம்பாக எஃப்பை அழுத்தி, கட்டைவிரல் அடிமூட்டு வீங்கி, ஆறு வாரம் கிட்டாரைத் தொட முடியவில்லை, தோசைக்கரண்டிகூட பிடிக்க முடியவில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு நாளைக்கே சரியாகிவிடுவது நமக்கு ஆகாது. சலுகை கேட்காதே என்று சொல்வது சுலபம் அம்மா. வாசிக்க முடியாமல் போன அந்த ஆறு வாரத்தில் எந்த வரிசையைப் பழகுவது?

தந்திப்பட்டறை:
கிட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். நான்கு பேரும் விரலைப் பற்றியே பேசுகிறீர்கள், கிட்டாரை யாரும் பார்க்கவில்லையே. மாணவன் சார், ஒரு ஸ்கேலை எடுத்து 12-ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் ஆறாவது, அதாவது தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் 2.5 மி.மீ. பக்கம் இருந்தால் நன்றாக இருக்கும். விலை குறைந்த கிட்டார்கள் பல என்னிடம் வரும்போது 3.5, 4 என்று நிற்கின்றன. தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டில் பள்ளம் ஆழம் போதாமல் இருந்தால் முதல் ஃப்ரெட்தான் இருப்பதிலேயே கடினமான இடம், எஃப் பிடிக்க வேண்டியதும் அங்கேதான். பல பேர் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். கால் மணி நேரம் நட்டைத் தேய்த்துக் கொடுத்தால் எஃப் பேசும்.

கம்பியின் சுருதியை இறக்குவது ஏமாற்று வேலை இல்லை. ஒரே கம்பியில் இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். எல்லாக் கம்பியையும் இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பிறகு இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் பழைய சுருதியே கிடைக்கும். எஃப் பிடிக்கும் இடம் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நகர்வதால் ஃப்ரெட் அகலமும் குறையும்: கம்பி நீளம் 650 மி.மீ. என்றால் முதல் ஃப்ரெட் 36.5 மி.மீ., மூன்றாவது 32.5 மி.மீ. தான்.

ஏரிக்கரை:
அப்படியானால் நைலான் கம்பிக்கே மாறிவிடலாமே?

தந்திப்பட்டறை:
இழுவிசை குறைவுதான். ஆனால் நைலான் கிட்டாரின் கழுத்து நட் பக்கம் 52 மி.மீ. வரை அகலம், ஸ்டீல் கிட்டாரில் 43 பக்கம். குட்டை விரலுக்கு பார் (ஒரே விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து அழுத்துவது) பிடிப்பது அதில் இன்னும் சிரமமாகலாம். நைலான் கிட்டாரில் மட்டும் ஸ்டீல் கம்பி போட்டுவிடாதீர்கள், பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை) பெயர்ந்து வரும்.

கமகப்பிரியை:
வாத்தியத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மேளம் கட்டியது (மெழுகில் மெட்டுகளைப் பதித்தது) சரியில்லாத வீணையில் நானும் யாருக்கும் சரளி வரிசை கொடுக்க மாட்டேன். மெழுகு இளகி மெட்டு, அதாவது வீணையின் ஃப்ரெட், நகர்ந்திருந்தால் பிள்ளையைத் திட்டி என்ன பயன். மார்கழிப்பூ அம்மா, மூட்டு விஷயத்தை நான் யோசிக்காமல் பேசிவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் சின்ன எஃப் விஷயத்தில் இன்னும் என் எண்ணம் மாறவில்லை. அதிலேயே பாட்டு ஓடிவிட்டால் முழு எஃப்புக்கு யார் திரும்புவார்கள்?

மார்கழிப்பூ:
திரும்பாவிட்டால்தான் என்ன? மாலையில் அரை மணி நேரம் பேரனோடு உட்கார்ந்து நாலு பாட்டு பாடத்தான் நான் கற்றுக்கொள்கிறேன். பரீட்சைக்கு இல்லை.

கமகப்பிரியை:
உங்களுக்கு அது போதும், சந்தோஷம். மாணவன் சாருக்குப் போதாது என்பது அவர் கேள்வியிலேயே தெரிகிறது. தம்பி கேட்டது ஏன் உறைத்தது? முழுசாக வேண்டும் என்று அவர் மனம் சொல்வதால்தானே.

தந்திப்பட்டறை:
அம்மா, சின்ன எஃப்பிலும் ஆள்காட்டி விரல் கடைசி இரண்டு கம்பியைப் படுத்துதான் அழுத்துகிறது. பாதி பார் அதிலேயே பழகிவிடும். முழுசு வேண்டுமென்றால் அதே கைப்பிடியை ஐந்தாம் ஃப்ரெட்டில் வையுங்கள், ஏ மேஜர் வரும், அங்கே அழுத்தம் குறைவாகப் போதும். சுத்தமாகப் பேசியதும் நான்கு, மூன்று என்று இறங்கி முதல் ஃப்ரெட்டுக்கு வாருங்கள். இதுவும் ஒரு வரிசைதானே அம்மா?

கமகப்பிரியை:
இது வரிசை. இதைச் சொல்லியிருந்தால் முதலிலேயே ஒத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

மார்கழிப்பூ:
பார் மட்டும் ஐந்து நிமிடம், நடுவில் கையை உதறிக்கொண்டு. கட்டைவிரல் அடியில் வலி தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும், இதில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

மாலைநேர மாணவன்:
அளந்துவிட்டேன். 3.6 மி.மீ. இருக்கிறது! நான்கு மாதமாக என் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்துப் பார்த்தேன், ஐந்து கம்பி பேசியது, என் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தந்திப்பட்டறை சார், சேடிலை (பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) நானே உப்புத்தாளில் தேய்க்கலாமா?

தந்திப்பட்டறை:
முதலில் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பக்கத்தில் ஒரு பழுதுக்கடையில் காட்டுங்கள், ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி) திருகினாலே பாதி இறங்கிவிடலாம். அதற்குப் பிறகுதான் சேடில். 12-ஆம் ஃப்ரெட்டில் 1 மி.மீ. குறைய சேடிலில் 2 மி.மீ. போக வேண்டும். அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும், மேல்பக்கத்தை இல்லை. அரை அரை மில்லிமீட்டராகப் போங்கள், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.