சர்வேயில் எல்லாரும் "திருப்தி" என்கிறார்கள், கிரைண்டர் மட்டும் விற்கவில்லை. மானிடவியல் படித்தவரைக் கூப்பிடலாமா?

கல்லும்குழவியும்:
வணக்கம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். டேபிள் டாப், டில்டிங் இரண்டும் உண்டு. கொஞ்ச நாளாக விற்பனை படுத்துவிட்டது. ஏஜென்சி வைத்து சர்வே எடுத்தோம். சத்தம், விலை, சர்வீஸ், தோற்றம் என்று எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நாலு மார்க் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதே தெருக்களில் பாக்கெட் மாவு சக்கைப்போடு போடுவதாக டீலர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் முதலாளியின் மகன் எம்.பி.ஏ. முடித்து வந்திருக்கிறார். "சர்வே எடுத்தது போதும், மானிடவியல் படித்த ஒருவரை வீடுகளுக்கு அனுப்பலாம்" என்கிறார். ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனிக்கிற படிப்பாம் அது. முதலாளியோ, "பத்து வீட்டில் காபி குடித்துவிட்டு வந்து டிசைனை மாத்துன்னு சொல்வான், நான் மாத்தணுமா?" என்கிறார். நடுவில் நான். நிஜமாகவே இதில் விஷயம் இருக்கிறதா?

நீலச்சட்டை:
தாராளமாகச் செய்யுங்கள் பாஸ். ஜெராக்ஸ் கம்பெனி கதை தெரியாதா? லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் ஜனங்கள் காப்பி எடுப்பதைப் பார்த்துவிட்டு, பெரிய பச்சைப் பட்டன் ஒன்று வைக்கச் சொன்னார். பிசினஸே மாறிவிட்டது.

வாசல்படி:
நீலச்சட்டை தம்பி, அந்தக் கதையை டிரெயினிங் வகுப்புகளில் நானும் கேட்டிருக்கிறேன். நடந்தது வேறு. சச்மன் ஆய்வைத் தொடங்கும்போதே அந்த மிஷினில் பச்சைப் பட்டன் இருந்தது. பட்டனை அழுத்தினால் போதும் என்று விளம்பரம் செய்துதான் விற்றார்கள். வாங்கினவர்கள் "ரொம்பச் சிக்கலாக இருக்கிறது" என்று புகார் சொன்னார்கள். அதன் பிறகுதான் 1980களின் தொடக்கத்தில் அவர் கேமராவோடு உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் காப்பி எடுக்க முடியாமல் இருவர் திணறுவது அவர் எடுத்த படத்தில் இருக்கிறது. ஒருவர் ஆலன் நியூவெல், செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். இன்னொருவர் ரான் கப்லன், கணினி மொழியியல் விஞ்ஞானி. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் குறை படிப்பில் இல்லை. எந்தப் புது மிஷினையும் பழகப் பாடுபட வேண்டியிருக்கிறது, "ஒரே பட்டன்" என்று சொல்லி அந்தப் பாட்டை மறைக்கிறீர்கள் என்பதுதான் சச்மன் சொன்னது. கம்பெனி உலகம் அதைத் தலைகீழாக்கி, பட்டனை அவர் கணக்கிலேயே எழுதிவிட்டது!

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் படித்தது சமூகவியல், பிழைப்பு முழுக்கச் சந்தை ஆய்வுக் களப்பணி. உங்கள் முதலாளிக்கு நான் சொல்லும் உதாரணம் ஜில்லெட். நம் நாட்டுக்காக 2000களின் தொடக்கத்தில் வெக்டர் என்று ஒரு ரேசர் கொண்டுவந்தார்கள். பிளேடில் சிக்கும் முடியைத் தள்ளிவிட அதில் ஒரு சின்னக் கம்பி வைத்திருந்தார்கள். பரிசோதித்தது யாரிடம் தெரியுமா? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம். அவர்களுக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. இங்கே பல பேர் தரையில் உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஷேவ் செய்கிறார்கள். டம்ளரில் அலசினால் அந்தக் கம்பியால் என்ன பிரயோஜனம்? முடி அங்கேயேதான் இருக்கும்.

அப்புறம்தான் ஆட்கள் வீடுகளுக்குப் போனார்கள். ஷேவ் செய்கிற ஆயிரம் பேருக்கு மேல் பார்த்தோம், 3,000 மணி நேரம் என்று அவர்களே சொன்ன கணக்கு. வந்தது 2010இல் ஜில்லெட் கார்டு. ஒற்றை பிளேடு, முடி சிக்காமல் அலசி எடுக்க அகலமான இடைவெளி, ஆணியில் மாட்டக் கைப்பிடியில் ஓட்டை. அப்போது விலை 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். மழமழவென்று ஷேவ் ஆவதைவிட ரத்தம் வராமல் முடிவதுதான் முக்கியம் என்பதை அவர்கள் தெரிந்துகொண்டது இங்கே வந்துதான். "ரேசர் எப்படி?" என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது. ஷேவிங்கைப் பார்த்ததால் வந்தது.

உங்கள் சர்வேயும் கிரைண்டரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறது. இட்லி மாவு அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று கேட்கவில்லை. நான் போன ஒரு வீட்டில் டில்டிங் கிரைண்டர் அடுப்பு மேடைக்குக் கீழே இருந்தது. பூப்போட்ட உறை, உறைமேல் புளி டப்பா, அதற்கு மேல் பழைய செய்தித்தாள் கட்டு. அந்த அம்மா "நல்லா ஓடுது" என்றுதான் சொன்னார், பொய்யும் இல்லை. ஆனால் மாவு ஆட்ட வேண்டுமென்றால் முதலில் செய்தித்தாள் கட்டையும் டப்பாவையும் நகர்த்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இழுக்க வேண்டும். ஆட்டி முடித்தபின் கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும். முழங்கை வலிக்கிறது என்பதை அவர் கிரைண்டரின் குறையாகவே நினைக்கவில்லை, தன் வயசின் குறையாக நினைத்தார். அதனால்தான் ஐந்துக்கு நாலு.

பத்து வீடு போதுமா என்றால், எத்தனை பேர் என்று சொல்லப் போதாது. எதை எண்ண வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் போதும். அதற்குப் பிறகு ஏஜென்சியைத் திரும்பக் கூப்பிடுங்கள், இந்த முறை கேள்விகள் வேறாக இருக்கும்.

ஷிப்ட்மாமா:
வாடிக்கையாளர் வீட்டோடு நிற்காமல் பேக்டரிக்குள்ளும் பாருங்கள். 1931, 32இல் சிகாகோ பக்கம் ஹாத்தோர்ன் ஆலையில் 14 தொழிலாளர்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். அந்த ஆய்வுக்கு யோசனை சொன்னவர் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் ஆய்வு செய்துவிட்டு வந்த மானிடவியலாளர் லாயிட் வார்னர். உற்பத்தி ஏறினால் சம்பளமும் ஏறும் என்று இருந்தும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே பேசி வைத்திருந்தார்கள். மீறி வேலை செய்தவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து. நான் வேலை பார்த்த இடத்திலும் இதே கணக்குதான், குத்து மட்டும் கிடையாது.

கல்லும்குழவியும்:
வாசல்படி அக்கா, ரொம்ப நன்றி. புளி டப்பா விஷயத்தை மீட்டிங்கில் சொன்னேன், முதலாளி சிரித்துவிட்டு "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார். இறங்கலாம் என்று தோன்றுகிறது. நாளைக்கே பத்து வீட்டுக்குப் போன் போட்டு நேரம் வாங்கிவிடவா?

வாசல்படி:
கம்பெனியிலிருந்து வருகிறோம் என்று போன் போட்டால் புளி டப்பா காணாமல் போயிருக்கும், கிரைண்டர் பளபளவென்று இருக்கும். தெரிந்தவர் மூலமாகப் போங்கள், "மாவு ஆட்டுவதைப் பார்க்க வருகிறேன்" என்று உண்மையைச் சொல்லியே போங்கள், ஆனால் கம்பெனி டீ ஷர்ட் வேண்டாம். அரிசி ஊறப்போடும் வேளையிலேயே போய்விட்டால் நல்லது. பாக்கெட் மாவு வாங்கும் வீடுகளுக்கும் போங்கள், எந்தக் கிழமை வாங்குகிறார்கள், யார் போய் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். டிசைன் இன்ஜினியரைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். ஒரு வீட்டிலாவது டிரம்மை அவர் கையால் கழுவட்டும். நீங்கள் எழுதும் ரிப்போர்ட்டை அவர் படிக்கப்போவதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் சர்வீஸ் மெக்கானிக்கைப் பிடியுங்கள். இதுவும் ஜெராக்ஸில் நடந்ததுதான். ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர், முன்னாள் டெக்னீஷியன், மிஷின் ரிப்பேர் பார்ப்பவர்களோடு சுற்றினார். மேனுவலில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு மேஜையில் கதையாகப் பேசித்தான் தீர்த்துக்கொண்டார்கள். வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது வேலையின் பாதி. பிற்பாடு அந்த மாதிரிக் குறிப்புகளைச் சேகரிக்க யுரேகா என்று ஒரு தகவல் களஞ்சியமே ஜெராக்ஸில் உருவானது.

உங்கள் மெக்கானிக் தினமும் சமையலறைகளுக்குள் போகிறவர், கிரைண்டர் எங்கே இருக்கிறது, எதன்மேல் எது இருக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதல் வாரம் அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போங்கள். பெட்ரோல் காசைக் கம்பெனி கணக்கில் எழுதிவிடுங்கள், அவர் தலையில் கட்டாதீர்கள்.