தனியாக ஆடும் கேமுக்கு இரண்டு லாஞ்சரா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. காசு கொடுத்து வாங்கிய கேமை விளையாட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நான் ஒருவனே ஆடும் கேம்தான், எதிராளி என்று யாரும் கிடையாது. ஆனாலும் கிளிக் செய்தால் முதலில், கேமை வாங்கிய ஆன்லைன் கடையின் லாஞ்சர் (கேமைத் திறந்துவிடும் புரோகிராம்), அதற்குப் பின்னால் வெளியீட்டாளரின் லாஞ்சர். அது தன்னை அப்டேட் செய்துகொண்டு, போன வாரம்தான் கொடுத்த பாஸ்வேர்டை மறுபடி கேட்கிறது. நேற்று இரவு நெட் போய்விட்டது. 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்று ஒரு சின்னப் பெட்டி, கீழே 'வெளியேறு' என்று ஒரே பட்டன். அவ்வளவுதான்.

கடையின் லாஞ்சரை ஆஃப்லைனில் போட்டுப் பார்த்தேன், இரண்டாவது அசையவில்லை. கிராக் (பூட்டை உடைக்கும் திருட்டு ஃபைல்) போடச் சொல்லாதீர்கள், ஒருமுறை வைரஸ் வாங்கியதே போதும்.

நெட் இருக்கும்போது ஒருமுறை திறந்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? அப்புறம், ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடை 2008 முதல் டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) இல்லாமல் விற்கிறது, இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். இதே கேம் அங்கேயும் இருக்கிறது. மறுபடி வாங்கினால் பழைய சேவ் ஃபைல்கள் அதில் ஓடுமா? 40 மணி நேரம் ஆடியது, விட மனசில்லை.