லண்டன் விசையை வகுப்பில் எப்படிக் காட்டுவது?

வணக்கம். தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லித் தருகிறேன். மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பான வான்டர்வால்ஸ் விசை நடத்தும்போது ஒரு பெண் கேட்டாள்: "ஆர்கான் அணுவுக்கு மின்னூட்டமும் இல்லை, பிணைப்பும் இல்லை. அப்புறம் எது இழுத்து மைனஸ் 186 டிகிரியில் திரவமாகுது சார்?"

எலக்ட்ரான் மேகம் கணநேரம் ஒரு பக்கம் சாயும், அது பக்கத்து அணுவின் மேகத்தையும் சாய்க்கும், அதில் ஈர்ப்பு வரும் என்று 1930இல் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கியதைச் சொன்னேன்; அந்த ஈர்ப்புதான் லண்டன் விசை. தலையாட்டினார்கள், நம்பவில்லை. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை வைத்து, ஹைட்ரோகார்பன் சங்கிலி நீள நீளக் கொதிநிலை ஏறுவதும் இதனால்தான் என்றதும் கொஞ்சம் பிடிபட்டது. ஆனால் நார்மல் பென்டேன் 36 டிகிரியில் கொதிக்க, அதே அணுக்கள் பந்துபோலச் சுருண்ட நியோபென்டேன் 9.5 டிகிரியிலேயே கொதிப்பதைப் பலகையில் எழுதத்தான் முடிகிறது.

தீப்பற்றும் பொருள் இல்லாமல், குறைந்த செலவில் செய்யக்கூடிய சோதனை ஏதாவது உண்டா? காந்தத் துண்டுகளை வைத்துக் காட்டலாம்தான். ஆனால் அவை நிலையான இருமுனைகள், கணநேரம் மட்டும் தோன்றுபவை அல்ல; தவறான எண்ணம் பதிந்துவிடும். தமிழில் நல்ல அனிமேஷன் இருந்தாலும் சரி. வகுப்பில் செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.