முகாம் குழந்தைக்கு மாவுக்கட்டு: கோத்தகிரி அனுபவம், உங்களுடையதும் சொல்லுங்கள்

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து லைன் வீடுகளில் நிறையப் பேர் 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமையோடு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். அதில் ஒரு வீட்டுக்கு, அடிவாரத்து அகதி முகாமிலிருந்து தங்கச்சி முறையாகும் பெண் கைக்குழந்தையோடு வந்து தங்கினாள். புருஷனுக்கு இங்கே ரிசார்ட்டுகளில் பெயிண்டிங் வேலை. அவர்கள் குடும்பம் 1983 கலவரத்துக்கு அப்புறம் படகேறி வந்தது. ஆகவே அக்காவுக்கு வாக்காளர் அட்டை, தங்கச்சிக்கு அகதி அட்டை.

குழந்தைக்கு இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்றார்கள் லைனில். ஆகாது, அது வளைபாதம். கோவையில் அரசு மருத்துவமனையில் காட்டினோம். பொன்செட்டி முறை: வாராவாரம் பாதத்தைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டு. பெரும்பாலும் 5, 6 கட்டு. பிறகு குதிகால் தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு, 3 வாரத்துக்குக் கடைசிக் கட்டு.

வைத்தியத்தில் சிக்கலே இல்லை. காப்பீட்டுக் கவுன்டரில்தான் வருமானச் சான்று கேட்டு இழுத்தடித்தார்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாமில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் முகாமில், அரசு மாதாமாதம் கொடுக்கும் பணக்கொடைக்கான செக்கிங். அன்றைக்கு ஆள் இல்லையென்றால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அவளுக்கு ஒரே பயம். கட்டு மாற்றும் தேதி எழுதிய ஓ.பி. சீட்டை நகலெடுத்து வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) முன்கூட்டியே கொடுத்ததும் ஒத்துக்கொண்டார்.

கட்டுக்கு வெளியே தெரியும் கால்விரல் ஜில்லென்று இருந்தாலோ நீலம் பாரித்தாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள். கோத்தகிரியில் யார் விரல் ஜில்லென்று இல்லை? "அக்கா, விரல் சில்லுனு கெடக்கு" என்று ராத்திரி ஓடி வருவாள். கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் சட்டென்று சிவக்க வேண்டும், சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தபிறகுதான் அவளும் தூங்கினாள், நானும் தூங்கினேன்.

— கூடலூரிலிருந்து:
அக்கா, கட்டு பிரித்ததோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இரண்டையும் நடுவில் கம்பியால் இணைத்த ஷூ கொடுப்பார்கள். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு தூங்கும்போது மட்டும், 4 வயது வரை. எங்கள் எஸ்டேட்டில் ஒரு குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறதே என்று கழற்றி வைத்துவிட்டார்கள். பாதம் பழையபடி திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து கட்டு. கோவை வரை கூடப் போக ஆள் கிடைப்பார்கள். இந்த ஷூ காலத்தில்தான் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

— கொடைக்கானலிலிருந்து:
அங்கன்வாடிக்கு வருடம் 2 முறை மருத்துவக் குழு வரும். பிறவிக் குறை இருந்தால் அவர்களே எழுதி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் காது கேட்காத முகாம் குழந்தை ஒன்று அப்படித்தான் வெளியே தெரிந்தது. முகாம் பிள்ளைதானே என்று ஒதுங்காமல் அங்கன்வாடியில் பெயர் சேர்த்துவிடுங்கள்.

— கோத்தகிரி:
கூடலூர் தம்பி, ஷூ போட்டாகிவிட்டது. கம்பி இருப்பதால் சாதாரண பேண்ட் ஏறாது, இந்தக் குளிரில் கவுனும் பத்தாது. உள்தொடைத் தையலை ஒரு கணுக்காலிலிருந்து மறு கணுக்கால் வரை முழுக்கத் திறந்து டிச் பட்டன் வைத்து ஃபிளானலில் தைத்தேன். ஷூவைக் கழற்றாமலே மாட்டலாம். உங்கள் எஸ்டேட் குழந்தைக்கும் வேண்டுமென்றால் இடுப்பளவும் கால் நீளமும் எழுதுங்கள்.