டொனஹா டென்னஹி என்ற ஐரிஷ் இசையமைப்பாளரைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? கூத்துப் பாட்டை வைத்து இப்படி ஏதும் செய்யலாமா?

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் இருக்கிறேன், வயலின் படித்தவன், இப்போது பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஓகன் (கீபோர்ட்) சொல்லிக் கொடுத்துக் காலம் போகிறது. போன கிழமை இரவு யூடியூப் தானாக ஒன்றைப் போட்டது. ஒருவர் தொண்டையைத் திறந்து பாடுகிறார், பாஷை ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் செத்த வீட்டு வாசலில் நின்று கேட்பது மாதிரி நெஞ்சுக்குள் ஏதோ பண்ணுகிறது. பின்னால் வயலின், கிற்றார், ட்ரொம்போன் எல்லாம் அவரைத் துரத்திக்கொண்டே போகின்றன, இருபது நிமிடத்துக்கு மேல். பெயர் 'க்ரா அகஸ் பாஸ்', காதலும் சாவும் என்று அர்த்தமாம். எழுதியவர் டொனஹா டென்னஹி. யார் இந்த மனுஷன், எங்கே படித்தார், இப்படி எழுதி எப்படிச் சாப்பிடுகிறார்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என்னுடைய அம்மப்பா ஒரு அண்ணாவியார், கூத்தைப் பழக்கி நடத்துகிறவர். அவர் பாடிய வடமோடிக் கூத்தின் வரவுப் பாட்டுகள் (பாத்திரம் களரிக்கு வரும்போது பாடுவது) கொஞ்சம் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அதற்கு அடியில் ஓகனில் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போட்டுப் பார்த்தேன், திருவிழா மெல்லிசைக் குழு மாதிரி வந்தது. அழித்துவிட்டேன். எங்கே பிழை விடுகிறேன்?

டப்ளின்வாசி எழுதியது:

நான் களுவாஞ்சிகுடி, இங்கே டப்ளினில் பதினாறு வருசம். சங்கீதம் படித்தவன் இல்லை, ஆனால் இந்த ஆளுடைய நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

1970 இல் டப்ளினில் பிறந்தவர். இங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் எழுதுகிற மாதிரி இசையை வாசிக்க ஊரில் ஆள் இல்லை. யாராவது கூப்பிடும்வரை காத்திருக்காமல் 1997 இல் நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து 'க்ராஷ் என்சாம்பிள்' என்று சொந்தமாக ஒரு குழுவைத் தொடங்கினார், மின்கிற்றாரும் ட்ரொம்போனும் வயலினும் ஒரே மேடையில். அந்தக் குழு இன்றைக்கும் ஓடுகிறது. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் பெரிய வேலை அதுதான், பாட்டுகள் அதற்குப் பிறகு வந்தவை.

நீங்கள் கேட்டது 2007 இல் எழுதியது, 2011 இல் நன்சச் கம்பனி இசைத்தட்டாகப் போட்டது. பாடுபவர் ஈர்லா ஓ லினார்ட். அந்தப் பாடும் முறைக்கு 'ஷான் நோஸ்' என்று பெயர், பழைய முறை என்று அர்த்தம். பக்கவாத்தியம் கிடையாது, தாளக்கட்டு கிடையாது, ஒருவர் தனியாக, ஐரிஷ் பாஷையில், ஒவ்வொரு அடியிலும் சுழிப்புப் போட்டுப் பாடுவது. ஈர்லா கோர்க் பக்கத்தில் ஐரிஷ் பேசுகிற கூலே என்ற கிராமத்தவர். ஷோன் ஓ ரீயடா என்று முந்தைய தலைமுறையில் ஒரு பெரிய இசையமைப்பாளர் இருந்தார் (1931–1971), அவர் நகரத்தை விட்டுவிட்டு அந்தக் கிராமத்தில் போய் இருந்து ஆண்களைச் சேர்த்து ஒரு கோவில் பாடகர் குழு அமைத்தார். அந்தக் குழுவில் சின்ன வயதில் பாடி வளர்ந்தவர்தான் ஈர்லா. ஆகவே டென்னஹிக்குக் கிடைத்தது சும்மா ஒரு நல்ல குரல் இல்லை, ஒரு ஊரே பொத்திப் பொத்தி வைத்திருந்த குரல்.

சாப்பாட்டு விசயம்: முதலில் டிரினிட்டியில் படிப்பித்தார், 2014 இலிருந்து அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில். அதாவது வாத்தியார் சம்பளம், உங்களைப் போலத்தான்! எண்டா வோல்ஷ் என்ற நாடகாசிரியரோடு சேர்ந்து மூன்று ஒபெராவும் (பாட்டிலேயே நடக்கும் நாடகம்) செய்தார், 2015, 2017, 2021 இல். இரண்டாவதில் கதாநாயகன் ஒரு வயலின்காரன், முழு ஒபெராவிலும் அவன் வாயைத் திறந்து ஒரு வரி பாடுவதில்லை, போனை நோண்டிக்கொண்டே இருப்பான். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என் போனைத் தூர வைத்தேன், ஒரு நாள்தான். இங்கே 2022 இல் அரசாங்கம் 2000 கலைஞர்களைக் குலுக்கலில் எடுத்து, கிழமைக்கு 325 யூரோ மூன்று வருசத்துக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்றும் தொடங்கியது. நம் ஊர் அண்ணாவிமாருக்கு ஒரு வேட்டி சால்வையோடு சரி.

பிசிக்ஸ் சேர் எழுதியது:

உங்கள் பிழை எங்கே என்று நான் சொல்கிறேன். ஓகனில்.

தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்துவிட்டு 'ச' தந்தியை மட்டும் மீட்டிக் காது வைத்துக் கேளுங்கள், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் ('க' சுரம்) உள்ளே கேட்கும். அதுதான் மேற்றொனி. ஒரு தந்தியோ தொண்டையோ ஒலிக்கும்போது அதன் அதிர்வெண்ணின் 2, 3, 4, 5 மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. 5 ஆம் மடங்கு அந்த அந்தர காந்தாரம். ஓகனின் இரண்டு அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், ஓகனின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட 14 சென்ட் கூட. 7 ஆம் மடங்கு கைசிகி நிஷாதம் என்கிற 'நி' சுரத்தின் பக்கம் வரும், ஆனால் ஓகன் கட்டையைவிட 31 சென்ட் குறைய. 11 ஆம் மடங்கைக் கேட்கவே வேண்டாம், அது 'ம' சுரத்தின் இரண்டு வகையான சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் கிட்டத்தட்ட நட்ட நடுவில் போய் நிற்கிறது, அதற்குக் கட்டையே கிடையாது.

டென்னஹி போன்றவர்கள் எழுதுவது இந்த மேற்றொனிகளிலிருந்துதான். பிரான்சில் ஜெரார் கிரிசே முதலானவர்கள் 1970களில் தொடங்கிய வழி அது. பாடகரின் குரலுக்குள் ஏற்கெனவே இருக்கிற சுரங்களை எடுத்து வாத்தியங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள், வயலினும் ட்ரொம்போனும் கட்டை இல்லாத வாத்தியங்கள், அந்த இடங்களுக்கு வளைந்து போகும். பாட்டுக்கு வெளியிலிருந்து ஒரு கோர்ட்டைக் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கிற வேலை அங்கே இல்லை. உங்கள் அம்மப்பா நிற்கிற இடத்தில் ஓகன் கட்டை இல்லை தம்பி, ஆகவே ஓகன் அவரைத் தன் பக்கம் இழுக்கிறது.

(பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறு முனையில் காது வைத்தால் கேட்கும் பாடும் மீன் சத்தத்தையும் யாராவது இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் இரண்டு தரம் போய் நுளம்புக் கடியோடு திரும்பியவன்.)

காரைதீவான் எழுதியது:

மனே, அயர்லாந்துக்காரனிடம் போய்ப் படிக்கிறது நல்லதுதான், ஆனால் சுருதிக்குக் கணக்குப் போட்ட ஒருவர் எங்கள் ஊரில் பிறந்தவர். விபுலாநந்த அடிகள் கணிதமும் விஞ்ஞானமும் படித்த மனுஷன், பழைய யாழ் நரம்புகளைக் கணக்கில் வைத்து ஆராய்ந்து 1947 இல் 'யாழ் நூல்' என்ற தன் இசை ஆராய்ச்சி நூலை அரங்கேற்றினார், அதே வருசம் கண்ணை மூடினார். அவர் பெயரில் கல்லடியில் நிறுவகம் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம்.

அடுத்தது. கூத்தைச் சுருக்கி மேடைக்கு எடுத்ததும் புதிசு இல்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் செய்தார், நம் மட்டக்களப்பு மௌனகுரு 'இராவணேசன்' கூத்தில் ஆடினார், படித்த சனம் கை தட்டியது. அது நல்ல வேலை, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் விடிய விடிய வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருந்து பார்த்த ஆட்டம் ஒரு பக்க மேடையில் ஒன்றரை மணித்தியாலம் ஆனபோது பாட்டு குறைந்தது என்று சொன்ன அண்ணாவிமாரும் இருந்தார்கள். நீ எதைச் செய்தாலும் அண்ணாவியாரை நடுவில் இருத்து. பிற்பாட்டுக்காரர் வேலையை உன் வயலின் செய்யட்டும், அவர் விட்ட அடியை எடுத்துப் பாடுவது, அவ்வளவுதான். மத்தளத்தைத் தொடாதே. ஒரு தடவை ஒரு நிகழ்ச்சியில் மத்தளத்துக்குப் பதில் பெட்டியில் தட்டிய சத்தம் கேட்டேன், எழும்பி வந்துவிட்டேன்.

மருதமுனைப் பிள்ளை எழுதியது:

இவ்வளவு நேரம் ஆம்பிளைகள் பாட்டையே பேசுகிறீர்கள். அயர்லாந்தில் செத்த வீட்டில் ஒப்பாரி வைத்தது பெரும்பாலும் பெண்கள், நம் ஊரிலும் அப்படித்தான். டென்னஹியின் 'த ஹங்கர்' கேட்டீர்களா? 1845 இல் உருளைக்கிழங்குக்கு நோய் விழுந்து வந்த பெரும் பஞ்சம் பற்றியது, பத்து இலட்சம் பேர் அளவில் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பல் ஏறினார்கள், அந்த நேரத்திலும் தானியம் கப்பலில் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண் பாடுவது ஆசெனத் நிக்கல்சன் என்ற அமெரிக்கப் பெண் நாட்டைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து எழுதியதை, ஈர்லா பாடுவது எல்லாம் இழந்த ஒரு கிழவனாக ஐரிஷ் பாஷையில். 2019 இல் இசைத்தட்டாக வந்தது.

நான் கேட்டபோது சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவில் கேட்ட சத்தம் ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன், இரண்டு நாள் கழித்துத்தான் மீதி. அந்தப் பஞ்சத்துக்கும் அந்த இசைக்கும் நடுவில் 150 வருசத்துக்கு மேல் இருக்கிறது. நம்முடையது அப்படி இல்லை, அழுதவர்கள் இன்னும் பக்கத்து வளவில் இருக்கிறார்கள். வரவுப் பாட்டை என்னவும் செய்யுங்கள். ஒப்பாரியைப் பதிந்தால் பாடியவரிடம் கேட்காமல் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம்.

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. மருதமுனைத் தங்கச்சி, ஒப்பாரி என்னிடம் இல்லை, இருந்த ஒன்று அம்மம்மா செத்த அன்று தற்செயலாகப் பதிந்தது, அதை நான் திறப்பதில்லை.

சேர் சொன்னபடி ஓகனை மூடிவிட்டு வயலினை எடுத்தேன். அம்மப்பா ஒரு வரவைத் தொடங்கிய சுரத்தில் முடிக்கவில்லை, அடி போகப் போகக் கொஞ்சம் ஏறிக்கொண்டே போகிறார், இத்தனை நாளும் அதைச் சுருதி விலகல் என்று நினைத்திருந்தேன். வயலினால் பின்தொடர்ந்தபோது இரண்டாம் நாள் இரவுதான் அவரோடு போக முடிந்தது, அதுவும் நாலு அடிக்கு. அவரிடம் போட்டுக் காட்டினேன். "ஆரு மனே பிற்பாட்டு?" என்றார், பிறகு "மத்தளம் எங்க?" என்றார்.

சேர், குரலுக்குள் இருக்கிற மேற்றொனியைப் பார்க்க என்ன மென்பொருள்? காசு கொடுக்கிறதாக இருந்தால் வேண்டாம்.

பிசிக்ஸ் சேர் எழுதியது:

ஓடாசிட்டி. இலவசம். பாட்டில் ஒரு நீண்ட 'ஆ' வருகிற இடத்தை மட்டும் தெரிவு செய்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்று காட்டும் வரைபடம்) போட்டுப் பாருங்கள், மலை மலையாக வரும். போனில் பதிந்ததென்றால் மின்விசிறிச் சத்தமும் ஒரு மலையாக நிற்கும், அதை அம்மப்பாவின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.